பொருளாகிய எண்ணம்: புதுச்சேரியின் மலர், கட்டடம், காகிதம், ஊதுபத்தி

அமைதி, பக்தி, துணிவு, சரணாகதி போன்ற உள்ளநிலைகளுக்கு உருவம் கிடையாது. அவற்றைக் கண்ணால் காணவும் கையால் தொடவும் மூக்கால் முகரவும் தக்க பொருள்களாக மாற்றும் முயற்சி, இருபதாம் நூற்றாண்டில் புதுச்சேரி நகரத்தில் தொடர்ச்சியாக நடந்தது. கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியில் 1926 நவம்பர் 24 அன்று உருப்பெற்ற ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமமே அதன் களம். மலர்களுக்கு ஆன்மிகப் பொருள் சூட்டியது, ‘கோல்கொண்டா’ என்ற விடுதியைக் கட்டியது, கைக்காகிதமும் ஊதுபத்தியும் செய்தது, பின்னர் நகருக்கு வடக்கே ஆரோவில்லில் மாத்ரிமந்திரை எழுப்பியது ஆகியவை இம்முயற்சியின் படிகள். இவற்றில் சில முழு வெற்றி பெற்றன. சில பெயரளவில் நின்றன. வேறுபாட்டுக்கான காரணம் அந்தப் பொருள்கள் செய்யப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

புலனறிவை நம்பிப் பொருள் செய்யும் வழக்கம் இந்த நகரத்துக்கு ஆசிரமத்தோடு வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன நீலத் துணி அதற்குச் சான்று. பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்றழைத்த அந்தப் பருத்தித் துணி அவுரிச் சாயம் ஏற்றப்பட்டுப் பளபளப்பாக்கப்பட்டது. செனகால் ஆற்றங்கரையில் அதைக் கொடுத்து அரபுப் பிசினை வாங்கினார்கள். பிசின் கொண்டுவந்த மூர் வணிகர்களிடையே அத்துணி நாணயத்தின் இடத்தையே பிடித்திருந்தது. வாங்குபவர்கள் துணியின் நிறத்தை மட்டும் பார்க்கவில்லை. அவுரியின் தனி மணம், கையில் படும் மொடமொடப்பு, வெயிலில் தெரியும் மினுக்கம், உடுத்தியபின் தோலில் ஒட்டும் நீலம் ஆகிய எல்லாம் சேர்ந்ததே அவர்களுக்கு நல்ல துணி. ஐரோப்பிய ஆலைகள் விலை குறைந்த போலிகளை நெய்து அனுப்பியபோது, மணமும் மினுக்கமும் இல்லாத அவற்றை அந்தச் சந்தை எளிதில் ஏற்கவில்லை. 1828-இல் புதுச்சேரியில் இயந்திர நூற்பாலை வந்த பிறகும் இந்த நீலத்துணி வணிகமே நகரின் நெசவுக்கும் சாயத்தொழிலுக்கும் நெடுங்காலம் முதுகெலும்பாக இருந்தது. தரம் என்ற பிடிபடாத ஒன்றை மூக்கும் விரலும் அளந்த காலம் அது. அதை எழுதப்பட்ட விதியாக அல்லாமல் கைப்பழக்கமாகவே சாயக்காரர்கள் காத்தார்கள்.

ஆசிரமத்தின் கைவினை வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர், உலகைத் துறந்து போகும் யோகத்தைப் போதிக்கவில்லை. உடலும் பொருளும் உட்பட வாழ்க்கை முழுவதும் மாற வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கைக்கு அன்றாட வடிவம் கொடுத்தவர் மிர்ரா அல்பஸா. 1878-இல் பாரிஸில் பிறந்த அவர் அங்குள்ள அகாதெமி ஜூலியனில் ஓவியம் பயின்றவர். 1914 மார்ச் 29 அன்று புதுச்சேரிக்கு முதலில் வந்து, அடுத்த ஆண்டு திரும்பிச் சென்று, 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்து, 1920 ஏப்ரல் 24 அன்று நிரந்தரமாகப் புதுச்சேரி சேர்ந்தார். ‘ஸ்ரீ அன்னை’ என்று சீடர்கள் அழைத்தது அவரைத்தான். பயிற்சி பெற்ற ஓவியரின் கண்ணும், ஒரு கிண்ணத்தை வைக்கும் இடத்தையும் கவனிக்கும் ஜப்பானிய வாழ்க்கைமுறையோடு கொண்ட பழக்கமும் அவரிடம் ஒன்று சேர்ந்திருந்தன. ஆசிரமத்தின் பொருள் உலகத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் முக்கியம்.

முதலில் வந்தவை மலர்கள். அன்னை ஏறத்தாழ தொள்ளாயிரம் மலர்களுக்கு ஆன்மிகப் பொருள் சூட்டினார். பவழமல்லி ஆர்வம், துளசி பக்தி, மல்லிகை தூய்மை, வேப்பம்பூ ஆன்மிகச் சூழல், எருக்கு துணிவு, காகிதப்பூ பாதுகாப்பு, மரமல்லி உருமாற்றம், சம்பங்கி புதுப்படைப்பு, நாகலிங்கப்பூ வளமை, துலுக்கச் சாமந்தி நெகிழ்வு, ரங்கூன் மல்லி விசுவாசம். வெண்தாமரை அன்னையையும் செந்தாமரை அரவிந்தரையும் குறித்தன. ஈழத்தலரியின் ஐந்து இதழ்கள் ஐந்து பண்புகளாக விரிந்து, முழுப் பூவும் உளநிறைவைக் குறித்தது. ஆசிரம முற்றத்தில் சமாதிக்கு மேல் நிழல் பரப்பும் இயல்வாகை மரத்தின் மஞ்சள் பூவுக்குச் ‘சேவை’ என்று பெயர். இன்றும் அந்த மரத்தை ஆசிரமத்தார் ‘சர்வீஸ் ட்ரீ’ என்றே சொல்கிறார்கள்.

மலர் உள்ளநிலையைக் குறிக்கும் என்பது தமிழருக்குப் புதிதன்று. குறிஞ்சிக்குப் புணர்தலும் முல்லைக்கு இருத்தலும் நெய்தலுக்கு இரங்கலும் உரிப்பொருளாயின. ஆநிரை கவர்பவர் வெட்சியும், மண்ணாசையால் படையெடுப்பவர் வஞ்சியும், மதில் வளைப்பவர் உழிஞையும், நேர்நின்று பொருபவர் தும்பையும், வென்றவர் வாகையும் சூடினர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை வரிசையாகச் சொல்கிறது. ஆனால் சங்க மரபில் மலருக்குப் பொருள் தந்தது நிலமும் பொழுதும் சமூக வழக்கமும். எருக்கு, காதலில் தோற்று மடலேறுபவன் சூடும் மலராக இருந்ததற்குக் காரணம் ஊரார் அதை மதிக்காததே. அன்னை பின்பற்றிய முறை இதனின்று வேறானது. அவர் ஒவ்வொரு பூவையும் கையில் எடுத்து, அதன் நிறம், மணம், இதழமைப்பு, அது மலரும் விதம் ஆகியவற்றின் வழியே தமக்குள் எழும் உணர்வைப் பெயராக்கினார். வழக்கிலிருந்த குறியீடுகளையோ மருத்துவ குணங்களையோ அடிப்படையாகக் கொள்ளவில்லை. யாரும் சூடாத எருக்கு, வறண்ட மண்ணிலும் கல்லிடுக்கிலும் தழைத்து நிற்பதைப் பார்ப்பவருக்கு, அதைத் துணிவு என்று அவர் அழைத்தது பொருத்தமாகவே தோன்றும்.

இந்தப் பெயரிடலுக்குள் ஓர் ஒழுங்கும் இருந்தது. ஒரு மலரினம் பொதுக்கருத்தைத் தாங்கும். அதன் நிற வேறுபாடுகளும் இதழடுக்கும் அக்கருத்தின் நுண்வேறுபாடுகளைத் தாங்கும். செம்பருத்தி ஓரினமாக இருந்தாலும் அதன் வகைகள் பல, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். ரோஜாவும் காகிதப்பூவும் அப்படியே. தோட்டக்காரர் புதிய நிறமொன்றை வளர்த்துக் கொண்டுவந்தால் புதிய பெயரும் பிறந்தது. ஆகவே ஆசிரமத்தின் தோட்டக்கலை இந்தச் சொல்தொகுதியோடு சேர்ந்தே வளர்ந்தது. அன்னை காலையில் சீடர்களுக்குத் தந்த பூ வெறும் ஆசீர்வாதமாக நிற்கவில்லை. அன்று அவர்கள் எதில் கவனம் வைக்க வேண்டும் என்ற செய்தியாகவும் இருந்தது. சீடர் அதை நாள் முழுவதும் மேசையில் வைத்திருப்பார். மணம் குறைவதும் இதழ் வாடுவதும் அவர் கண்முன் நடக்கும். துணிவு அல்லது தூய்மை என்ற சொல்லைக் காதால் கேட்பதற்கும், அதை ஒரு நாள் முழுக்க மூக்கருகே வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இந்த முறையின் ஆற்றல். 1950 டிசம்பரில் அரவிந்தரும் 1973 நவம்பரில் அன்னையும் அடக்கம் செய்யப்பட்ட சமாதியில், அன்றலர்ந்த மலர்களை நிறமும் வடிவமும் பார்த்து அடுக்கும் வேலை இன்றும் நாள்தோறும் நடக்கிறது. மர நிழலின் குளிர்ச்சி, ஊதுபத்தி மணம், ஈரப் பூக்களின் வாசனை, பேச்சற்ற முற்றம் ஆகிய அனைத்தும் அங்கு ஒரே நேரத்தில் வருபவரைத் தொடுகின்றன.

மலரில் பெயராக இருந்த எண்ணம் கட்டடத்தில் சுவராகவும் தரையாகவும் மாறியது. 1930களில் சீடர்கள் பெருகவே ஒரு விடுதி தேவைப்பட்டது. அன்னையின் செயலராக இருந்த பவித்ரா, இயற்பெயர் பிலிப் பார்பியே சேன்திலேர், பாரிஸின் எக்கோல் பொலிடெக்னிக்கில் படித்த பொறியாளர். 1925-இல் புதுச்சேரி வருவதற்கு முன் ஜப்பானில் வாழ்ந்த அவருக்கு, டோக்கியோவில் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்டைத் தெரியும். செக் நாட்டில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான ரேமண்ட், டோக்கியோவின் இம்பீரியல் விடுதியைக் கட்ட ஃபிராங்க் லாய்டு ரைட்டோடு ஜப்பான் சென்று அங்கேயே தங்கியவர். 1935-இல் அவரிடம் இந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. ஹைதராபாத் சமஸ்தானத்தில் பொறுப்பிலிருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தது. அந்நாட்டின் வைரச் சுரங்கப் புகழ் பெற்ற கோல்கொண்டாவின் பெயரே கட்டடத்துக்கு அமைந்தது.

ரேமண்டின் அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நகஷிமா என்ற இளைஞர் புதுச்சேரிக்கு வந்தார். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியரான அவர் மேற்பார்வையாளராக வந்து சீடராகவே ஆகிவிட்டார். சம்பளம் வாங்க மறுத்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். அவருக்குத் துணையாக வந்த பிரான்டிசேக் சம்மர், பாரிஸில் லெ கார்புசியேயிடம் பணியாற்றியவர். ஆசிரமப் பொறியாளர் சந்துலாலும் உடனிருந்தார். 1937-இல் வேலை தொடங்கியது. ரேமண்ட் 1938-இல் குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் இங்கேயே தங்கினார். கட்டுமானத்தில் கூலித் தொழிலாளர்களோடு, முன்னர் மண்வெட்டி பிடித்தறியாத சீடர்களும் இறங்கினார்கள். அவர்களில் மருத்துவம், சட்டம் படித்தவர்களும் உண்டு என்பது வேலையை மெதுவாக்கியது, ஆனால் கெடுத்துவிடவில்லை. கெடு வைத்து விரட்டுவோர் இல்லாததால் ஒவ்வொரு கான்கிரீட் வார்ப்பும் பொறுமையாகத் திட்டமிடப்பட்டது. இரண்டாம் உலகப்போர் வந்து இரும்பும் சிமெண்டும் அரிதான பிறகும் பணி நிற்காமல் நகர்ந்து 1940களில் நிறைவுற்றது. அந்த இடத்தில் காலமும் பணமும் தம்மை நெருக்காததை ரேமண்ட் தம் தன்வரலாற்றில் வியந்து பதிவு செய்திருக்கிறார்.

கோல்கொண்டாவின் சிறப்பு, ‘உள்முக அமைதி’ என்ற கோரிக்கையை அது ஒவ்வொரு புலனுக்கும் தனித்தனியாகப் பிரித்து விடை கண்டதில் இருக்கிறது. புதுச்சேரியின் வெக்கையும் கடற்காற்றின் ஈரமும் முதல் சிக்கல். உடல் வியர்த்து நெளியும்போது அமைதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, அகன்ற முகங்கள் தெற்கையும் வடக்கையும் நோக்குமாறு வைக்கப்பட்டது. காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். வடபுறம் நடைவழி, தென்புறம் அறைகள். இரு முகங்களிலும் கண்ணாடிச் சன்னல் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாகத் தரையிலிருந்து கூரைவரை, படுக்கைவாட்டில் அடுக்கிய கல்நார் சிமெண்ட் தகடுகள் நிற்கின்றன. லூவர் எனப்படும் இத்தகடுகளைக் கைப்பிடியால் திருப்பலாம். முழுதும் திறந்தால் அறைக்குள் காற்று தடையின்றி ஓடும். சாய்த்தால் வெளிச்சம் மட்டும் நுழையும். மூடினால் புயல்மழையும் உள்ளே வராது. கூரையில் தட்டையான கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் பரப்பப்பட்டு, இடையே காற்று நிற்கும் வெளி விடப்பட்டது. மேலோடு வெயிலை வாங்கிக்கொள்ளும். அறைக்குச் சூடு இறங்குவது குறையும்.

அறையையும் நடைவழியையும் பிரிப்பவை தேக்குக் கதவுகள். அவை கீலில் திறப்பவை அல்ல, பக்கவாட்டில் நகர்பவை. சட்டங்கள் ஒன்றுக்கொன்று விலகி அமைந்திருப்பதால் காற்று ஊடுருவும், பார்வை ஊடுருவாது. தனிமையையும் காற்றையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் இரண்டையும் பெற்றுத் தந்த இந்தக் கதவு, கட்டடத்தின் மிக நுட்பமான கண்டுபிடிப்பு எனலாம். காற்றில் அடித்துச் சாத்தும் ஓசைக்கும் அதில் இடமில்லை. தரைக்கு மெருகேற்றிய கறுப்புக் கடப்பைக்கல். வெறுங்காலோடு நடப்பவருக்கு முதலில் தெரிவது அதன் குளிர்ச்சி. சுவர்களுக்கு, சுண்ணாம்பும் கிளிஞ்சலும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைக்கும் செட்டிநாட்டுப் பூச்சு. மொழுமொழுவென்ற அந்த வெண்மை, லூவர் வழியே வரும் ஒளியைக் கூசாமல் பரப்புகிறது. நவீன ஐரோப்பியக் கட்டடக் கலையின் கான்கிரீட்டும், காரைக்குடிக் கொத்தனாரின் சாந்தும், ஜப்பானிய நகர்கதவும் ஒரே அறையில் சந்தித்தபோது எதுவும் ஒட்டாமல் துருத்தவில்லை. மூன்றும் ஒரே கேள்விக்கு விடை சொன்னதால் அது கைகூடியது.

கைப்பிடி, கொக்கி, லூவர் இயக்கும் பொறி போன்ற சிறு உறுப்புகளைக்கூடக் கடையில் வாங்கவில்லை. சீடர்கள் தந்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி, ஆசிரமத்திலேயே வார்த்துக் கொண்டார்கள். ஒருவர் வீட்டுச் செம்பும் தட்டும் மற்றொருவர் கை நாள்தோறும் தொடும் கைப்பிடியாயின. கட்டிலும் மேசையும் நாற்காலியும் நகஷிமாவின் வடிவமைப்பு. மரப்பொருள் செய்வதில் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அவருடைய தொடக்ககால மரச்சாமான்கள் இந்த விடுதிக்காகவே செய்யப்பட்டவை. சுவரில் சித்திரமோ சிற்பமோ கிடையாது. எந்தக் குறியீடும் எழுதிக் காட்டப்படவில்லை. அரவிந்தரின் தத்துவத்தை ஒரு வரிகூடப் படிக்காதவரும் அந்த நடைவழியில் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அங்கே வாழ்வதற்கு விதிகளும் உண்டு: சுத்தம், ஒழுங்கு, பொருள்களைப் பேணுதல். பராமரிப்பு யோகத்தின் பகுதியாகக் கொள்ளப்பட்டதால்தான், எளிதில் கறுக்கும் பித்தளையும் எளிதில் மங்கும் கல்லும் பல பத்தாண்டுகளாகப் புதிதுபோல் இருக்கின்றன. வடிவமைப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் பகுதி இது. ஒரு பொருளின் உணர்வு அதைச் செய்த நாளோடு முடிவதில்லை. நாள்தோறும் துடைப்பவரின் கையிலும் அது இருக்கிறது.

நகஷிமா 1939-இல் புதுச்சேரியை விட்டுச் சென்றார். அமெரிக்கா திரும்பிய அவரைப் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் என்ற காரணத்தால் 1942-இல் குடும்பத்தோடு இடாஹோ மாநில முகாமில் அடைத்தார்கள். மறு ஆண்டு ரேமண்ட் பொறுப்பேற்று விடுவித்துப் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்புக்கு அழைத்துக்கொண்டார். அங்கே மரத்தின் பிளவையும் முடிச்சையும் மறைக்காமல் மேசை செய்யும் முறை அவரால் வளர்ந்தது. 1960களில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் அவர் மரச்சாமான்கள் வடிவமைத்தார். உலகின் ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் அமைதி மேசை என்பது அவருடைய கனவு. ஆசியாவுக்கான மேசை, அவர் மறைந்த பிறகு, 1996-இல் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. அமைதி என்ற எண்ணத்தை மக்கள் சுற்றி அமரும் பலகையாக்கிய அவர், அதற்கான பாடத்தின் பெரும்பகுதியைப் பெற்றது புதுச்சேரியில்தான்.

1959-இல் ஆசிரமம் கைக்காகிதத் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கியது. வல்லபாய் படேல் சாலையில் இன்றும் இயங்கும் அது, புதுச்சேரியின் பெயரைக் காகிதத்தோடு இணைத்துவிட்டது. அங்கு மரக்கூழுக்கு வேலையில்லை. மூலப்பொருள் பருத்தித் துணிக் கழிவு. பனியன் ஆலைகளின் வெட்டுத்துண்டுகள் தரம் பிரிக்கப்பட்டு, நறுக்கப்பட்டு, தண்ணீரோடு அரைக்கும் தொட்டியில் கூழாகும்வரை சுழல்கின்றன. கூழ் கலந்த தொட்டியில் வலைச்சட்டத்தை அமிழ்த்தி எடுத்து, ஒரு குலுக்குக் குலுக்கி இழைகளைப் பின்னவிடுவதில்தான் கைத்திறன். சட்டத்திலிருந்து கம்பளித் துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி நீர் பிழிந்து, கொடியில் உலர்த்தி, பசையிட்டு, உருளையில் மெருகேற்றினால் காகிதம் தயார். ஓரம் கத்தரிக்கப்படாமல் சொரசொரப்பாக இருக்கும். மடித்தால் மொரமொரக்கும். எழுதினால் மை சற்றே கவ்வும். கூழில் பூவிதழ், இலை, வைக்கோல், நூல் சேர்த்தால் காகிதம் பார்வைக்கும் விரலுக்கும் தோட்டத்தை நினைவூட்டும். கெட்டியாக்கிய பாகுநீரின் மேல் வண்ணங்களை மிதக்கவிட்டு, சீப்பால் கோலமிட்டு, தாளை மேலே படியவிட்டு எடுக்கும் பளிங்குக் கோலக் காகிதமும் இங்கு செழித்தது. ஒரு தாளின் கோலம் மறு தாளில் வராது.

காகிதத்தில் ஆசிரமத்தின் கொள்கை சொல்லாக எங்கும் அச்சிடப்பட வேண்டிய தேவை இல்லை. கழிவென்று ஒதுக்கியது கவனமான உழைப்பால் மேலான பொருளாகிறது என்பதே அங்குள்ள செய்தி. அதைத் தாளைத் தொடுபவரே உணர்வார். உழைப்பை வழிபாடாகக் கொள்ளும் கர்மயோகத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றுப்பொருள் அரிது.

ஊதுபத்தியின் கதை சற்று மாறுபட்டது. மூங்கில் குச்சி, கரித்தூள், பிசுபிசுப்புத் தரும் மரப்பட்டைத் தூள், நறுமண எண்ணெய் ஆகியவற்றால் உருட்டப்படும் பத்தி தென்னிந்தியாவின் பொதுக் கைத்தொழில். ஆசிரமத்திலும், 1970களிலிருந்து ஆரோவில்லிலும் பத்தி செய்யும் கூடங்கள் தோன்றி, வெளிநாட்டுச் சந்தையில் புதுச்சேரிப் பத்திக்குத் தனி மதிப்பைத் தேடித்தந்தன. சுற்றுப்புறக் கிராமப் பெண்கள் பலருக்கு இதனால் வேலை கிடைத்தது. உறைகளில் மணத்தின் பெயரோடு அன்னை தந்த மலர்ப்பொருளும் சேர்ந்து அச்சாகும் வழக்கம் பரவியது. ஆனால் இங்கே எண்ணத்துக்கும் பொருளுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது. மல்லிகைப் பத்தியைக் கொளுத்துபவர் மல்லிகையை முகர்கிறார். தூய்மை என்ற சொல்லை உறையில்தான் படிக்கிறார். உயிருள்ள பூவில் இதழும் நிறமும் வாடலும் சேர்ந்து செய்த வேலையைத் தனி மணம் ஒன்றே செய்துவிட முடியாது. பெயரை மாற்றி ஒட்டினாலும் அறியமுடியாத நிலையில், அந்தப் பெயர் வடிவமைப்பின் பகுதி ஆவதில்லை. இன்று உலகெங்கும் ‘அமைதி’, ‘தெளிவு’ என்று பெயரிட்டு விற்கும் மெழுகுவத்திகளுக்கும் எண்ணெய்களுக்கும் இதே குறை உண்டு.

அன்னையின் கடைசிக்காலத் திட்டம் இந்த முறையை மிகப்பெரிய அளவுக்கு எடுத்துச் சென்றது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது 124 நாடுகளின் மண், தாமரை மொட்டு வடிவக் கலசத்தில் இடப்பட்டது. மனித ஒற்றுமை என்ற எண்ணம் அன்று கைப்பிடி மண்ணாக இருந்தது. ஆரோவில் நகரின் நடுவே அமையும் மாத்ரிமந்திருக்கு 1971 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டினார்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜே ஆன்ழே வடிவமைத்த அந்தக் கோளம் 2008-இல் முழுமை பெற்றது. அதைத் தாங்கும் நான்கு தூண்கள் மகேசுவரி, மகாகாளி, மகாலட்சுமி, மகாசரசுவதி ஆகிய நான்கு ஆற்றல்களின் பெயரைக் கொண்டவை. சுற்றிலும் பன்னிரண்டு இதழ்கள். ஒவ்வோர் இதழினுள்ளும் ஒரு தியான அறை. நேர்மை, பணிவு, நன்றியுணர்வு, விடாமுயற்சி, ஆர்வம், ஏற்புத்தன்மை, முன்னேற்றம், துணிவு, நற்பண்பு, தாராளம், சமநிலை, அமைதி என்ற பன்னிரு பண்புகளில் ஒன்று அதன் பெயர். ஒவ்வோர் அறைக்கும் தனி நிறம். மலரில் செய்தது போலவே இங்கும் பண்புக்கு நிறம் கிடைத்தது. கூடவே அந்நிறத்தினுள் அமர்ந்திருக்கும் அனுபவமும் கிடைத்தது.

மேலேயுள்ள மைய அறை இதற்கு நேரெதிரான வழியில் செய்யப்பட்டது. வெண்பளிங்குச் சுவர், வெண்கம்பளம், பன்னிரு தூண்கள், நடுவே எழுபது சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கோளம். கூரைமேல் சூரியனைத் தொடரும் ஆடி, ஒற்றைக் கதிரை அக்கோளத்தின்மேல் இறக்குகிறது. வருவோர் வெண்ணிறக் காலுறை அணிந்து நுழைகிறார்கள். காலடி ஓசைகூட எழுவதில்லை. உள்ளே மலர் இல்லை, ஊதுபத்தி இல்லை, இசை இல்லை, மந்திரமும் இல்லை. தொள்ளாயிரம் மலர்களுக்குப் பெயரிட்டவர் தம் இறுதிப் படைப்பின் மையத்தில் ஒரு மலரையும் அனுமதிக்காதது ஆழ்ந்து எண்ணத்தக்கது. மணத்தையும் ஒலியையும் விலக்கி, வெண்மையையும் ஒரு கதிரையும் மட்டும் விட்டு வைத்தபோது, ஒருமுகப்படுதல் என்ற கருத்து விளக்கம் தேவைப்படாத அனுபவமாகிறது. புலன்களுக்கு விருந்து வைப்பதுபோல அவற்றை அடக்கி வைப்பதும் வடிவமைப்பே என்பதை இந்த அறை காட்டுகிறது.

ஆசிரமச் சூழலில் வளர்ந்த இந்தக் கைமரபு நகரின் பொதுத் தொழில்களிலும் ஊறியது. 1978-இல் திலீப் கபூர் சிறு பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன், குரோமிய உப்புக்குப் பதிலாக மரப்பட்டைச் சாறுகளால் பதனிட்ட தோலையும் வார்ப்புப் பித்தளைப் பூட்டுகளையும் தன் அடையாளமாகக் கொண்டது. அந்தத் தோலின் மணமும், பழகப்பழக ஆழமாகும் நிறமும், பித்தளையின் கனமும் சேர்ந்தே வாங்குபவரை இழுத்தன. பழைய பிரெஞ்சுப் பகுதியின் கடைகளில் இன்று விற்கும் குறிப்பேடு, பீங்கான், துணி, மணப்பொருள் பலவற்றிலும் இதே சாயல் இருக்கிறது. கலப்படமான போலிகளும் அவற்றோடு வந்துவிட்டன. ‘ஆரோ’ என்ற முன்னொட்டு மட்டும் எந்தப் பொருளையும் அந்த மரபுக்கு உரியதாக்கிவிடாது.

இத்தனை முயற்சிகளிலும் முதலிடம் கோல்கொண்டாவுக்கே உரியது. மலர்ப்பெயர்களைப் புரிந்துகொள்ள அன்னையின் நூல் வேண்டும். இதழறைகளுக்குப் பெயர்ப்பலகை வேண்டும். கோல்கொண்டாவில் கருத்தை அறியாதவருக்கும் அனுபவம் கிடைக்கிறது. காற்றும் கல்லும் மரமும் ஒளியும் அதைச் செய்கின்றன. இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டால் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களுள் ஒன்றென உலகக் கட்டடக் கலை நூல்கள் அதைக் கொண்டாடுகின்றன. தமிழில் அதைப் பற்றிய விரிவான நூல் எழுதப்பட வேண்டும். லூவர் பொறியையும் செட்டிநாட்டுப் பூச்சையும் நகர்கதவின் சட்ட அமைப்பையும் அளந்து வரைந்து, தமிழ்நாட்டு, புதுச்சேரிக் கட்டடக் கலை மாணவர்களுக்கு முதலாண்டிலேயே பாடமாக வைக்க வேண்டும். குளிரூட்டும் பொறியை நம்பிக் கண்ணாடிச் சுவர் எழுப்பும் நம் கடற்கரை நகரங்களுக்கு அந்தப் பாடம் உடனடியாகத் தேவைப்படுகிறது.